கண்ணுக்குள் போடும் ஊசி: ‘வேலை செய்கிறது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

‘முதுமையில் வரும் பார்வை இழப்புக்குப் புதிய ஊசி’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. உள்ளே போய்ப் படித்தால் ‘ஆய்வில் வெற்றி’ என்று ஒரு வரி இருக்கும். எதில் வெற்றி, எதோடு ஒப்பிட்டு வெற்றி, எத்தனை பேரை எவ்வளவு நாள் பார்த்துச் சொன்ன வெற்றி என்ற விவரம் மட்டும் இருக்காது. கடந்த சில மாதங்களாக இந்த ஊசிகளின் ஆய்வறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் குறிப்பெடுத்து வந்தேன். நான் கண் மருத்துவர் இல்லை. எண்களை நிதானமாகப் படிக்கும் ஒரு வாசகன், அவ்வளவுதான். அந்தக் குறிப்புகளிலிருந்து எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மருந்து ஓர் அளவுகோலில் பெரிய வெற்றியாகவும், இன்னொன்றில் ஒன்றுமே இல்லாததாகவும் தெரியலாம். இது மோசடி இல்லை. ஆனால் ஊசி போட்டுக்கொள்பவருக்கு எந்த அளவுகோல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நோய் பற்றிக் கொஞ்சம்

நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதன் நடுவில் மாக்குலா என்ற சின்னப் பகுதி. படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரே வருபவரின் முகம் பார்ப்பது எல்லாம் அந்த நடுப்பகுதியின் வேலை. வயதாக ஆக அது சிதையும் நோயைத்தான் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக ‘ஏ.எம்.டி.’ என்கிறார்கள். இந்த நோய் மட்டும் இருந்தால் ஒருவர் முழுக்க இருட்டில் விழுவதில்லை, ஓரப் பார்வை மிஞ்சும். அறைக்குள் நடமாட முடியும், ஆனால் பேரனின் முகம் தெரியாது.

இதில் இரண்டு வகை. உலர் வகையில் விழித்திரை செல்கள் மெல்ல மெல்லத் தேய்கின்றன, வருடக்கணக்கில். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, கசிந்து, ரத்தம் கட்டி, சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். உலர் வகை உள்ளவர்களே அதிகம். ஆனால் வேகமாகப் பார்வையைப் பறிப்பது ஈர வகை.

அந்தக் குழாய்களை முளைக்கத் தூண்டும் புரதத்துக்கு ‘வெஜ்எஃப்’ என்று பெயர். ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா 1989இல் இதைப் பிரித்தெடுத்தார். இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் கசிவு நிற்கும் என்பதுதான் ஈர வகைக்கான ஊசிகளின் அடிப்படை.

ஊசி என்றதும் பயம் வருவது சகஜம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அயோடின் கரைசலால் சுத்தம் செய்து, வெள்ளை விழியின் வழியாக மெல்லிய ஊசியால் மருந்தை உள்ளே செலுத்துவார்கள். பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர்தான், ஒரு துளி அளவு. சில நொடி வேலை. மிரட்டுவது என்னவென்றால் அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பது.

அளவுகோல்: எழுத்துப் பலகை

இந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் சொல் ‘எழுத்து’. மருந்து 7 எழுத்து கூட்டியது, 10 எழுத்து குறைந்தது என்று எழுதுவார்கள். கண் மருத்துவமனையில் நாம் பார்க்கும் பழைய பலகையில் மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போக எழுத்துகள் அதிகம். ஆய்வுகளில் அது உதவாது. அங்கே பயன்படுவது ‘ஈ.டி.டி.ஆர்.எஸ்.’ பலகை. ஒவ்வொரு வரியிலும் சரியாக 5 எழுத்துகள், வரிக்கு வரி ஒரே விகிதத்தில் அளவு குறையும். எந்த வரியில் இருந்தாலும் ஓர் எழுத்துக்கு ஒரே மதிப்பு.

மூன்று வரி, அதாவது 15 எழுத்து, என்பது முக்கியமான எல்லை. 15 எழுத்து இழந்தவருக்கு அதே எழுத்து தெரிய இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு எழுத்து மூன்று எழுத்து வித்தியாசம் அன்றைய தூக்கத்தைப் பொறுத்துக்கூட வரலாம். அதனால்தான் ‘15 எழுத்துக்கு மேல் கூடியவர் எத்தனை பேர், இழந்தவர் எத்தனை பேர்’ என்று தனியாகக் கணக்கிடுகிறார்கள்.

முதல் பெரிய பதில், 2006

ரானிபிசுமாப் (விற்பனைப் பெயர் லுசென்டிஸ்) மருந்தைச் சோதித்த மரீனா ஆய்வு இந்தத் துறையின் மைல்கல். ஈர வகை உள்ள 716 பேர். குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள். இரண்டு குழுக்களுக்கு மாதா மாதம் மருந்து, வெவ்வேறு அளவில். மூன்றாவது குழுவுக்குப் போலி ஊசி.

போலி ஊசி எப்படி என்று கேட்கலாம். கண்ணை மரத்துப்போகச் செய்து, சுத்தம் செய்து, ஊசி முனையே இல்லாத சிரிஞ்சின் வாயைக் கண்மேல் அழுத்துவார்கள். அழுத்தம் தெரியும், ஆனால் எதுவும் உள்ளே போகாது. ஊசி போடும் மருத்துவருக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதிப்பவருக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தால் ‘இன்னொரு முறை முயற்சி பண்ணுங்கம்மா’ என்று ஒருவரை மட்டும் கூடுதலாக ஊக்குவித்துவிடுவார். அந்த ஊக்கமே இரண்டு எழுத்து கூட்டிவிடும்.

ஒரு வருடம் கழித்து, 15 எழுத்துக்குக் குறைவாக இழந்தவர்கள், அதாவது பார்வை பெரிதாகக் கெடாதவர்கள், மருந்துக் குழுக்களில் ஏறக்குறைய 95 சதவீதம். போலி ஊசிக் குழுவில் 62 சதவீதம். சராசரியாக, மருந்துக் குழுக்கள் 7 எழுத்து அளவுக்கு மேலே போயின, போலி ஊசிக் குழு 10 எழுத்து கீழே போனது. அதுவரை இருந்த சிகிச்சைகள் கெடும் வேகத்தைத்தான் குறைத்தன. சராசரிக் கோடே மேல்நோக்கிப் போனது இந்தத் துறைக்குப் புதுசு. 2006 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

இங்கே அளவுகோலும் நோயாளியின் வாழ்க்கையும் ஒரே பக்கம் நின்றன. பலகையில் எழுத்து கூடியது என்றால் நிஜமாகவே அவருக்குக் கூடுதலாகத் தெரிந்தது. குழப்பம் எல்லாம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

யாரும் நடத்த விரும்பாத ஆய்வு

ஜெனென்டெக்கிடம் அவாஸ்டின் (பெவாசிசுமாப்) என்று இன்னொரு மருந்தும் இருந்தது. அதே புரதத்தைத்தான் அதுவும் பிடிக்கிறது. 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. லுசென்டிஸ் சந்தைக்கு வரும் முன்பே, 2005இல், மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் அவாஸ்டினை ஒரு துளி எடுத்துக் கண்ணில் போட்டுப் பார்த்தார். கசிவு வடிந்தது. செய்தி பரவி, உலகம் முழுக்க மருத்துவர்கள் அதையே போட ஆரம்பித்தார்கள். புற்றுநோயாளிக்குத் தேவையான ஒரு குப்பியிலிருந்து கண்ணுக்கான பல டோஸ்களைப் பிரிக்கலாம். அமெரிக்காவில் லுசென்டிஸ் ஒரு டோஸ் அப்போது சுமார் 2,000 டாலராக இருந்தது. பிரித்து எடுத்த அவாஸ்டின் அப்போது சுமார் 50 டாலர்தான்.

இரண்டும் ஒன்றுக்கொன்று சமமா? இதைக் கேட்க வேண்டிய நிறுவனத்துக்கு அந்தக் கேள்வியால் லாபம் இல்லை. 50 டாலர் மருந்து 2,000 டாலர் மருந்துக்குச் சமம் என்று நிரூபிக்க எந்த வியாபாரி காசு செலவழிப்பான்? கடைசியில் அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் போட்டு ‘கேட்’ என்ற ஆய்வை நடத்தியது. 1,200 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். முதல் வருட முடிவு 2011இல் வந்தது. மாதா மாதம் போட்டவர்களில் லுசென்டிஸ் சராசரியாக 8.5 எழுத்து கூட்டியது, அவாஸ்டின் 8.0.

இங்கே ஒரு நுணுக்கம். இந்த மாதிரி ஆய்வில் ‘இது அதைவிட மேல்’ என்று காட்ட முயல்வதில்லை. ‘இது அதைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மட்டமில்லை’ என்று காட்டுகிறார்கள். அந்த அளவை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ‘கேட்’ ஆய்வில் அது 5 எழுத்து. சராசரி வித்தியாசம் அரை எழுத்துதான் வந்தது. நல்ல மருந்து ஏற்கெனவே கையில் இருக்கும்போது போலி ஊசி போட்டு ஒருவரின் பார்வையைப் பலிகொடுக்க முடியாது இல்லையா? அதனால் 2006க்குப் பிறகு ஈர வகைக்கான பெரிய ஆய்வுகள் பலவும் இந்த ‘மட்டமில்லை’ பாணிதான்.

ஒரு சந்தேகமும் எழுந்தது. தீவிர உடல்நலப் பாதிப்புகள் அவாஸ்டின் குழுவில் கொஞ்சம் அதிகம்: 24 சதவீதம், எதிர்ப்பக்கம் 19 சதவீதம். ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி இந்த மருந்து வகையோடு சம்பந்தப்பட்டதாகக் கருதப்படாத நோய்கள். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் வருட காக்ரன் மதிப்பீட்டில் அப்படியொரு வித்தியாசம் உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் கண்ணுக்கான பெவாசிசுமாபை 2013இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அவாஸ்டினில் நிஜமான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் ஒரே நேரத்தில் பல கண்கள் போகும். 2011இல் ஃப்ளோரிடாவில் அப்படி 12 பேருக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டது. மருந்து பற்றிய எந்தப் பெரிய ஆய்வும் இதைக் காட்டாது. காரணம், இது மருந்தின் குணமே இல்லை, அதைப் பிரித்த இடத்தின் குணம். நம் ஊரில் இந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் மருந்தின் பெயரைக் கேட்பதோடு, யார் எங்கே பிரித்தது என்றும் கேட்கலாம். தப்பில்லை.

ஊசிகளுக்கு நடுவே எத்தனை வாரம்?

பார்வையில் இதற்கு மேல் பெரிதாக முந்த முடியவில்லை என்றதும் போட்டி வேறு பக்கம் திரும்பியது: யாருடைய மருந்து நீண்ட நாள் தாங்கும்? மாதா மாதம் மருத்துவமனைக்கு வர ஒருவருக்குத் துணைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். நாலு வாரம் பன்னிரண்டு வாரமானால் அது குடும்பத்துக்கே பெரிய விடுதலை. நியாயமான இலக்குதான்.

ப்ரோலுசிசுமாப் என்ற மருந்து ‘ஹாக்’, ‘ஹாரியர்’ என்ற இரு ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது. இரண்டிலும் சேர்த்து 1,800 பேருக்கு மேல். ஒப்பீட்டு மருந்து அஃப்ளிபர்செப்ட். பார்வையில் மட்டமில்லை. 6 மில்லிகிராம் டோஸ் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் வருடம் 12 வார இடைவெளியிலேயே தாக்குப்பிடித்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறிக்கையின் வழிமுறைப் பகுதியைப் பாருங்கள். அஃப்ளிபர்செப்ட் குழுவுக்கு, ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு, 8 வாரத்துக்கு ஒன்று என்று கட்டாயம். அவர்கள் 12 வாரம் தாங்குவார்களா என்று பார்க்கவே வாய்ப்புத் தரவில்லை. ஒருவனை எட்டாவது கிலோமீட்டரில் நிறுத்திவிட்டு, மற்றவன் பன்னிரண்டு ஓடினான் என்று சொல்வது மாதிரி. இரண்டாமவன் பன்னிரண்டு ஓடியது உண்மை. முதலாமவன் ஓடமாட்டான் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. பின்னர் வந்த ஃபாரிசிமாப் ஆய்வுகளிலும் அஃப்ளிபர்செப்ட் 8 வாரத்திலேயே கட்டிப்போடப்பட்டிருந்தது.

2019 அக்டோபரில் ப்ரோலுசிசுமாபுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான்கு மாதம்தான். 2020 பிப்ரவரியில் அமெரிக்க விழித்திரை மருத்துவர்கள் சங்கம் தன் உறுப்பினர்களை எச்சரித்தது: 14 பேருக்கு விழித்திரை ரத்தக் குழாய்களில் அழற்சி, அவர்களில் 11 பேருக்குக் குழாய் அடைப்பும் இருக்கலாம் என்று. ஊசியின் வழக்கமான ஆபத்து கிருமித் தொற்று. இது அது இல்லை, மருந்துக்கே உடல் காட்டும் எதிர்ப்பு. பழைய ஆய்வுக் கோப்புகளைச் சுதந்திரமான குழு ஒன்று திரும்பப் பார்த்தது. ப்ரோலுசிசுமாப் போட்ட கண்களில் 4.6 சதவீதத்தில் உள் அழற்சி, 3.3 சதவீதத்தில் ரத்தக் குழாய் அழற்சி, 2.1 சதவீதத்தில் அதோடு குழாய் அடைப்பும். இந்த அழற்சியோடு 15 எழுத்துக்கு மேல் இழந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் ஏற்கெனவே நல்ல மருந்து இருக்கும் நோயில் இந்தக் குறைவும் பெரிது.

இதில் என்னை யோசிக்க வைத்தது, கண் படங்கள் முன்பே ஆய்வுக் கோப்பில் இருந்தன என்பது. ‘அழற்சி’ என்ற பொதுப் பெயருக்குள் அது ஒளிந்திருந்தது. இந்தக் கேள்வியோடு யாரும் தேடவில்லை.

புள்ளியியலில் ஒரு எளிய கணக்கு உண்டு. 300 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றால், அது இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை. உண்மையில் நூற்றில் ஒருவருக்கு வரும் வாய்ப்பைக்கூட அந்த ஆய்வால் விலக்க முடியாது. மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், அதுதான் உச்ச வரம்பு. ஆயிரம் பேரிடம் தெரியாதது, லட்சம் பேரிடம் போகும்போது தெரியும். ஒவ்வொரு புது மருந்தின் முதல் இரண்டு வருடங்களும் ஒரு வகையில் சோதனையின் தொடர்ச்சிதான்.

உலர் வகை: எழுத்தா, பரப்பா?

இனி வருவதுதான் எனக்கு மிகச் சிக்கலாகத் தோன்றிய பகுதி. உலர் வகை முற்றும்போது விழித்திரையில் செல்கள் செத்த திட்டுகள் உருவாகின்றன. வரைபடத்தில் தீவுகள் மாதிரித் தெரியும். அந்தத் தீவு மெல்ல வளர்ந்து நடுப்புள்ளியை விழுங்கும்போதுதான் எழுத்துகள் மறைகின்றன. அதுவரை பலகையில் ஒருவர் நன்றாகவே வாசிக்கலாம். எனவே எழுத்தை மட்டும் பார்த்தால் நோய் வளர்வது தெரியாது. ஆகவே படம் எடுத்து, தீவின் பரப்பு எவ்வளவு கூடியது என்று அளக்கலாம் என்று முடிவு செய்தார்கள். காரணம் சரிதான்.

லாம்பலிசுமாப் முதலில் வந்தது. 129 பேர் கொண்ட இடைநிலை ஆய்வில் தீவின் வளர்ச்சி சுமார் 20 சதவீதம் குறைந்தது. குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 44 சதவீதம். பெரிய நம்பிக்கை. ஆனால் இரண்டு பெரிய ஆய்வுகளில் 1,800 பேருக்கு மேல் சோதித்ததும் 2017இல் எல்லாம் கரைந்துபோனது. மரபணுக் குழுவிலும் பலன் இல்லை. சின்ன ஆய்வைத் துண்டு துண்டாக வெட்டினால் ஏதாவது ஒரு துண்டில் அதிர்ஷ்டம் தெரியும். அது மருந்தின் அதிர்ஷ்டம் இல்லை, வெட்டியவரின் அதிர்ஷ்டம்.

அடுத்து பெக்செட்டகோப்ளான் (சைஃபோவ்ரே). ‘ஓக்ஸ்’, ‘டெர்பி’ என்ற இரட்டை ஆய்வுகள், சுமார் 1,250 பேர், எதிர்ப்பக்கம் போலி ஊசி. ஒரு வருட முடிவில் ஓக்ஸ் வென்றது, டெர்பி தன் இலக்கைத் தவறவிட்டது. இரண்டு வருடம் பார்த்தபோது தீவின் வளர்ச்சி ஆய்வையும் ஊசி இடைவெளியையும் பொறுத்து 16 முதல் 22 சதவீதம் வரை குறைவு.

22 சதவீதம் என்றால் என்ன? கணக்குக்காக, ஊசி இல்லாமல் தீவு இரண்டு வருடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கூடும் என்று வைத்துக்கொள்வோம். மாதா மாதம் ஊசி போட்டால் சுமார் 3.1 கூடும். நிற்காது, திரும்பாது, வேகம்தான் குறையும். அதே இரண்டு வருட முடிவில் பலகையின் எழுத்துகளிலோ வாசிப்பு வேகத்திலோ இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு பக்கம், மாதா மாதம் போட்டவர்களில் 11 முதல் 13 சதவீதம் பேருக்குப் புதிதாக ஈர வகை வந்தது. போலி ஊசிக் குழுவில் அது 2 முதல் 4 சதவீதம்.

இந்தத் தரவைப் பார்த்து எஃப்.டி.ஏ. 2023 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. ஏறக்குறைய இதே தரவைப் பார்த்து ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் வேண்டாம் என்றது. தீவின் வேகம் குறைவது உண்மை, ஆனால் அது நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் பலனாக வரவில்லை என்பது அவர்கள் வாதம்.

யார் சரி? இரண்டு பக்கமும் நேர்மையான வாதம் இருக்கிறது. செத்த செல் திரும்ப வராது, இரண்டு வருடத்தில் காப்பாற்றிய துண்டு ஏழாவது வருடத்தில் கைகொடுக்கலாம் என்பது ஒன்று. அந்த ஏழாவது வருடம் வரை எண்பது வயதுக்காரர் ஒவ்வொரு மாதமும் ஊசி போட்டு, தொற்றும் அழற்சியும் ஈர வகையும் வரும் அபாயத்தைச் சுமக்க வேண்டுமே என்பது இன்னொன்று. என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனால் ஒரு கண் ஏற்கெனவே போய், மிஞ்சிய கண்ணில் தீவு நடுப்புள்ளியை நெருங்கும் ஒருவர் முதல் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். தப்பு எங்கே வரும் என்றால், ‘இந்த ஊசி பார்வையைக் கூட்டும்’ என்று நம்பி அவர் தேர்ந்தெடுத்தால்.

கேட்க வேண்டியவை

புது ஊசி பற்றிச் செய்தி படிக்கும்போதோ, வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போகும்போதோ நான்கு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, எதை அளந்தார்கள்: எழுத்தா, படத்தில் தெரியும் பரப்பா, ஊசி இடைவெளியா? இரண்டு, எதோடு ஒப்பிட்டார்கள், அந்த மருந்துக்கும் அதே வாய்ப்பு கொடுத்தார்களா? மூன்று, எத்தனை பேர், எத்தனை மாதம், அனுமதி கிடைத்து எவ்வளவு நாள் ஆகிறது? நான்கு, எனக்கு இருப்பது ஈர வகையா உலர் வகையா? ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. இந்த நாலாவது கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பலர் ஊசிச் செய்திகளை வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. புது மருந்துகளைப் பற்றி இவ்வளவு சந்தேகம் எழுப்பியதால் பழைய ஊசிகளையும் யாரும் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. ஈர வகையில் தாமதம்தான் பெரிய எதிரி. நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், கதவுச் சட்டம் நெளிந்து தெரிந்தால், ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்க்கும்போது நடுவில் மங்கல் தெரிந்தால், அடுத்த வாரம் போகலாம் என்று விடாதீர்கள். அந்த நிலையில் போலி ஊசி பெற்றவர்கள் ஒரு வருடத்தில் எங்கே போய் நின்றார்கள் என்பது மரீனா அட்டவணையில் இருக்கிறது. சராசரியாகப் பத்து எழுத்து கீழே.